தேங்காய் உடைத்து விமானத்தை நிறுத்தினேன்

புது வண்டி வாங்கி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் ஓட்டிய தமிழரை மலேசியாவில், எங்கள் கிள்ளான் ஊரில், நான் பார்த்ததில்லை. விமானமும் வண்டிதானே என்று நினைத்துவிட்டேன்.

சுபாங் விமான நிலையத்தில் ஒரு சின்ன கம்பெனியில் எனக்குத் துப்புரவு வேலை. ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவனுக்கு அது பெரிய இடம். வேலை நிரந்தரமா இல்லையா என்று அந்த வாரம் சொல்வதாக இருந்தார்கள். அப்போதுதான் இரட்டைக் காத்தாடி வைத்த புது விமானம் வந்தது. சரவாக் உள்காட்டில், மலைகளுக்கு நடுவே கல்லிலும் புல்லிலும் இறங்கி மருந்து கொடுக்கப் போகிறதாம். கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். (நான் ஏறப்போவதில்லை. இருந்தாலும்.)

பூஜை போடலாமா என்று கேட்க வாய் வரவில்லை. எனக்குக் கேட்பதைவிட உடைப்பது சுலபம். முதல் பயணத்தன்று காலை சக்கரங்களுக்குப் பழம் வைத்து, விமானத்தின் மூக்குக்கு நேரே தேங்காயை ஓங்கி அடித்தேன். (சூடம் ஏற்றவில்லை. பக்கத்தில் எண்ணெய் லோரி நின்றது. அவ்வளவு அறிவு இருந்தது.)

மெக்கானிக் சுரேஷ் ஓடி வந்தான்.

“என்னண்ணே பண்ணிட்டீங்க? சில்லு காத்தாடியில பட்டா பிளேடு போச்சு.”

“கல்லுத் தரையிலயே எறங்கும்னு நீதானே தம்பி சொன்ன?”

“அங்க வேற வழியில்லாம எறங்குதுலா. இங்க நீங்க வேணும்னே கல்லு போடுறீங்க.”

விமானியான மலாய்க்காரப் பெண், இது எதற்கு என்று கேட்டார். பாதுகாப்புக்கு என்றான் சுரேஷ். அப்படியானால் பாதுகாப்புக்காக ஒன்று விடாமல் பொறுக்குங்கள் என்றார்.

அதில் போகவிருந்த டாக்டர், நர்ஸ் எல்லோரும் குனிந்து பொறுக்கினார்கள். சுரேஷ் சிரட்டைத் துண்டுகளை உடைந்த சட்டி மாதிரி ஒட்டவைத்துப் பார்த்தான். ஒரு துண்டு குறைந்தது. அது கிடைக்காமல் விமானம் கிளம்பாது. வெயில் ஏறியது. மருந்துப் பெட்டியில் ஐஸ் கரைகிறது என்று நர்ஸ் முணுமுணுத்தார்.

அப்போது என் சப்பாத்துக்குள் ஏதோ காலில் குத்தியது.

நைசாகக் கீழே போட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம். வேலையாவது தப்பியிருக்கும். ஆனால் அது யார் கண்ணிலாவது பட இன்னும் எவ்வளவு நேரமாகுமோ, அதற்குள் மருந்து என்னாகுமோ.

“என் சப்பாத்துல இருக்கு” என்றேன். அந்தக் கம்பெனியில் நான் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. டாக்டர் தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

ஏறுமுன் விமானி எங்கள் மேனேஜரிடம், “தன் சப்பாத்தில் கிடந்ததையே மறைக்காத ஆள், தரையில் கிடப்பதையா விடுவார்?” என்றாராம். வேலை நிரந்தரமானது. இன்றும் விமானம் கிளம்புமுன் கல், ஆணி பொறுக்குவது என் பொறுப்பு.

வீட்டில் வெள்ளிக்கிழமை தேங்காய் உடைத்தால், மகள் சிரட்டையைப் பொருத்திப் பார்க்கிறாள்.

“ஒரு துண்டு கொறையுதுப்பா. சப்பாத்தைக் கழட்டுங்க. அதுவரைக்கும் யாரும் வீட்ட விட்டுக் கெளம்பக் கூடாது.”