ஷெட்டுக்காரரின் செவ்வாய்க்கிழமைகள்

நாமக்கல் மாவட்டத்தில் கோழியைப் பற்றித் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பேறுகாலத்தைப் பற்றித் தெரிந்தவர்களும் நிறைய உண்டு. முதலாவதை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு, இரண்டாவதில் ஓர் ஆஸ்பத்திரிக்கே பாடம் நடத்திய மனிதர் நான் அறிந்து ஒருவர்தான். அவரை நாங்கள் ஷெட்டுக்காரர் என்போம். உண்மைப் பெயர் அவர் மனைவியின் கர்ப்பிணி அட்டையில் இருந்தது. அதை யாரும் ஒருமுறைகூட உச்சரித்ததில்லை.

நாமக்கல்லுக்கும் கொல்லிமலைக்கும் நடுவில் ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் ஏழு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனை நாள். அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு (டைரியில் இருக்கிறது) ஒரு பைக் வந்து நின்றது. பின் சீட்டில் தலையணை கட்டி, அதன் மேல் ஐந்து மாதக் கர்ப்பிணியான சுகன்யாவை உட்கார வைத்து, மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டி வந்திருந்தார் அவள் கணவர். நாற்பதாயிரம் கோழிகள் இருக்கும் பண்ணையில் சூப்பர்வைசர். உள்ளே வந்ததும் பையிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்தார். அது வாயில் வைக்கிற ரகமில்லை. காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் காலண்டரைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார். ஐந்து நிமிடம் அதன் எதிரிலேயே நின்றார்.

"முப்பத்தெட்டு. இந்தச் சூட்டுல எங்க ஷெட்டுல பாதிக் கோழி முட்டையவே நிறுத்திப்போடுமுங்க" என்றார்.

பெஞ்சில் துணிக்கடை மும்தாஜ் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இது மூன்றாவது பிரசவம். எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவை விட சீனியர்.

"நாங்க முட்டை போட வரலீங்கண்ணா. மாத்திரை வாங்க வந்தோம்" என்றாள்.

கூடமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் தலைகளை எண்ண ஆரம்பித்திருந்தார். எண்ணி முடித்ததும் கூடத்தின் நீளத்தையும் அகலத்தையும் அடிமேல் அடி வைத்து அளந்தார். ஒரு பெண்ணுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று கணக்குப் போட்டு, கூண்டில் இதைவிட வசதி அதிகம் என்று என் ஜன்னலில் வந்து புகார் சொன்னார். புகாரை எழுத்தில் கொடுக்கச் சொன்னேன். கொடுத்தார். தீனிப் பையின் அட்டையில் எழுதியிருந்தார்.

அடுத்து மாட்டியவர் கலா சிஸ்டர். அவர் ஒரு கர்ப்பிணியின் பெயரைக் கூப்பிட்டால் பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். வாரக் கணக்கில் பொறுத்த ஷெட்டுக்காரர் ஒரு நாள் நேராக அவரிடம் போனார்.

"சத்தம் ஆவாதுங்க சிஸ்டர். கோழி தெகச்சு மெரண்டுச்சுன்னா ஓடில்லாத தோல்முட்டைதானுங்க போடும்."

"அப்ப ஒவ்வொருத்தர் காதுலயும் போய் ரகசியமாச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. அது இன்னும் நல்லதுங்க."

கோபம் தலைக்கேறிய சிஸ்டர், அவரைக் கிண்டல் செய்வதற்காகவே அன்று முழுவதும் ஒவ்வொரு பெண்ணிடமும் போய்க் குனிந்து, காதோடு காதாகப் பேசினார். மூன்று வாரமாகக் கூச்சப்பட்டு மறைத்த ஒரு விஷயத்தை ஒரு பெண் அந்தக் காதோடு காதான பேச்சில் சொல்லிவிட்டாள். அவளுக்கு அன்றே மருந்து கொடுத்தோம். சிஸ்டருக்குத் தன் கிண்டல் எங்கே வேலையாக மாறியது என்று புரியவே இல்லை.

இதுதான் அந்த மனிதரிடம் இருந்த பெரிய தொல்லை. அவர் சொல்லும் காரணம் எப்போதும் தப்பாக இருக்கும். காரியம் சரியாக இருக்கும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை வாங்கிக்கொண்டு, இதைச் சாயங்காலம்தானே தரவேண்டும் என்று கேட்டார். முட்டை ஓடு ராத்திரியில்தான் உருவாகிறதாம், அதனால் கிளிஞ்சலைச் சாயங்காலத் தீனியில்தான் கலப்பார்களாம். அந்த மாத்திரையையும் இரும்புச் சத்து மாத்திரையையும் சேர்த்து விழுங்கக் கூடாது, ஒன்று காலை என்றால் மற்றது மாலை என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியது என் வேலை. கூட்டத்தைக் காரணம் காட்டி நான் அதைச் சொல்வதை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அன்றிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தேன். முட்டை ஓட்டைப் பற்றி மட்டும் சொல்வதில்லை.

சித்திரை வெயிலில் அவர் இரண்டு பண்ணை ஆட்களோடு வந்து, கூடத்தின் விட்டத்தில் குழாய் ஓட்டி, ஷெட்டில் கோழிகளுக்குச் சாரல் அடிக்கும் ஃபாக்கரைப் பொருத்திவிட்டார். டாக்டரம்மா ஒரு பயிற்சிக்காக சேலம் போயிருந்த நாள். திறந்ததும் மேலிருந்து புகைபோல நீர் இறங்கியது. கர்ப்பிணிகள் அண்ணாந்து முகத்தைக் காட்டினார்கள். என் மருந்துப் பதிவேட்டில் பன்னிரண்டு பக்கங்கள் நீலக் குளமாயின. நான் இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாகப் பணியிடத்தில் குரலை உயர்த்தினேன்.

"மேடம், தெகச்சு விடாதீங்க" என்றார் அவர் என்னிடம்.

மறுநாள் டாக்டரம்மா அதைக் கழற்றச் சொன்னார். ஏணியைக் கொண்டுவந்து வைத்ததும் மும்தாஜ் போய் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டாள். எட்டு மாத வயிற்றோடு இருக்கும் பெண்ணை யார் எழுப்புவது? ஃபாக்கர் தங்கிவிட்டது. நான் பதிவேடுகளுக்கு பிளாஸ்டிக் உறை போட்டேன்.

எல்லாவற்றுக்கும் சிகரம் அந்தக் கால் தொட்டி. பண்ணைக்குள் யார் நுழைந்தாலும் கிருமி மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதே போல ஒரு பிளாஸ்டிக் தட்டில் பர்மாங்கனேட் கரைசலை ஊற்றி எங்கள் வாசல்படியில் வைத்துவிட்டார். பெண்கள் ஊதாப் பாதங்களோடு வீடு திரும்பினார்கள். ஒரு மாமியார், அதை நலங்கு வைத்த கறை என்று எண்ணி, மருமகளுக்கு யாரோ தனக்குத் தெரியாமல் வளைகாப்பு நடத்திவிட்டதாக இரண்டு நாள் பேசவில்லை.

தட்டை எடுத்துவிட வேண்டும் என்று குறிப்பெழுதி வைத்திருந்தேன். எடுப்பதற்குள் மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்துவிட்டார். கர்ப்பிணிகளுக்கு எங்கள் கவனிப்பு திருப்தியா என்று தாள் கொடுத்துக் கேட்டு மதிப்பெண் போடுவதற்காக வந்தவர். மரியாதையாக ஷூவைக் கழற்றிவிட்டு வெள்ளை சாக்ஸோடு படியேறினார். இரண்டு காலும் சரியாகத் தட்டில் இறங்கின. கத்தரிப்பூ நிறமாக வெளியே வந்தன.

"இது யார் வெச்சது?"

ஷெட்டுக்காரர் வாயைத் திறக்கப் போனார். மும்தாஜ் முந்திக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியோட புதுத் திட்டமுங்க சார். கிருமி வராம இருக்க."

அதிகாரி தன் காலைப் பார்த்தார். பிறகு நோட்டில், தொற்றுத் தடுப்பில் முன்மாதிரி முயற்சி என்று எழுதிக்கொண்டார். நாற்பத்தொரு பெண்களும் தாள்களைப் பூர்த்தி செய்தார்கள். நாற்பத்தொன்றிலும் ஒரே கட்டத்தில் டிக்: 'மிகவும் திருப்தி'. அதிகாரி டாக்டரம்மாவுக்குக் கைகொடுத்துவிட்டு, சாக்ஸைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

நான் அந்தத் தாள்களின் பிரதிகளை அடுக்கி நூல் கட்டிக்கொண்டிருந்தேன். ஷெட்டுக்காரர் ஜன்னலுக்கு வந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மும்தாஜைத் திரும்பிப் பார்த்து, இரண்டு மணி நேரம் நின்ற பிறகும் எப்படித் திருப்தி என்று எழுதினாள் என்று கேட்டார்.

"நல்லா இல்லைன்னு எழுதினா சிஸ்டர் மனசு சங்கடப்படாதுங்களா? அவங்களும்தான் காலையில இருந்து நிக்கறாங்க" என்றாள் அவள். எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். விருந்துக்குப் போன வீட்டில் உப்பு குறைவு என்று யார் சொல்வார்கள்?

அவர் பார்வை என் மேசைக்குப் போனது. பரிசோதனைப் பதிவேடு விரிந்து கிடந்தது. ஒரு பத்தியில் விரலை வைத்து இது என்ன என்று கேட்டார். ரத்த அழுத்தம் என்றேன். விரல் மேலிருந்து கீழே இறங்கியது. நூற்றுப்பத்து எழுபது. நூற்றுப்பத்து எழுபது. நூற்றுப்பத்து எழுபது. பக்கம் முடியும் வரை அதுதான்.

"ஏனுங்க மேடம்" என்று மெதுவாக ஆரம்பித்தார். "ஒரு தட்டுல முப்பது முட்டை இருக்குது. முப்பதும் ஒரே எடைன்னு ஒருத்தன் எழுதிக் குடுத்தா, அவன் தராசையே பாக்கலைன்னு அர்த்தமுங்க."

ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பட்டையில் மூன்று வாரமாகக் காற்று நிற்கவில்லை. சிஸ்டர் முதல் நாலைந்து பேருக்கு முயன்று பார்த்துவிட்டு மற்றவர்களுக்கு எழுதிவிடுவார். பதிவேட்டில் நகல் எடுப்பது நான். என் கையெழுத்தை எல்லோரும் பாராட்டுவார்கள். புதுக் கருவி கேட்டு எழுதிய கடிதத்தின் நகலையும் நான்தான் சரியான கோப்பில், சரியான வரிசையில் வைத்திருந்தேன்.

"என்ற சம்சாரத்துக்கு மறுக்காப் பாருங்க" என்றார் ஷெட்டுக்காரர்.

சிஸ்டர் எரிச்சலோடு, அந்தப் பெண்ணிடம் காதோடு காதாகவே கேட்டேன், நன்றாக இருப்பதாகத்தான் சொன்னாள் என்றார். பெஞ்சிலிருந்து சுகன்யாவும் சொன்னாள்: "நல்லாத்தானுங்க இருக்கேன். வாங்க, ஊட்டுக்குப் போலாம்." அவளுக்கு அப்போது எட்டாம் மாதம்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். பண்ணையில் கோழித் தீனி எழுதும் நோட்டுதான். அதன் பின்பக்கங்களில் மனைவி.

"மூணு நாளாத் தீனி கொறஞ்சிருக்குதுங்க. மெட்டி இறுக்குதுன்னு சோப்புப் போட்டுக் கழட்டி டப்பாவுல வெச்சிருக்கா. நேத்து தலையப் புடிச்சுட்டுப் படுத்திருந்தா. கேட்டா ஒண்ணுமில்லைங்கறா. கோழி நோவுன்னு வாயத் தொறந்து சொல்லாதுங்க. நாமதான் பாக்கோணும்." நோட்டை மூடிப் பையில் வைத்தார். "போன தடவையும் நல்லாத்தான் இருக்கேன்னா. ஏழாம் மாசம் கொழந்த போயிருச்சுங்க."

சுகன்யா தலைகுனிந்திருந்தாள்.

டாக்டரம்மா தன் அறையிலிருந்து சொந்தக் கருவியை எடுத்துவந்து, பெஞ்சிலேயே உட்கார வைத்துப் பார்த்தார். இரண்டாம் முறையும் பார்த்தார். நூற்று அறுபது, நூற்றுப்பத்து. கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னார். பதினோரு மணி நாற்பத்தாறுக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. அதன் பின்னால், தலையணை கட்டிய பைக், தன் வாழ்நாளிலேயே முதல் முறையாக வேகமாகப் போனது.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மீதி அத்தனை பேருக்கும் தானே பார்த்தார். இன்னும் இருவருக்கு அதிகமாக இருந்தது. கலா சிஸ்டர் பக்கத்தில் நின்று ஒவ்வோர் எண்ணையும் எழுதினார். மும்தாஜின் முறை வந்தது. டாக்டரம்மா நிமிர்ந்து, மறுபடி பட்டையைச் சுற்றினார்.

"என்னங்கம்மா?"

"நூற்றுப்பத்து எழுபது."

"நம்ப மாட்டாங்களே" என்றாள் மும்தாஜ்.

பெரிய ஆஸ்பத்திரியில் மறுநாளே குழந்தையை எடுத்துவிட்டார்கள். ஒன்று புள்ளி ஆறு கிலோ, பெண். தாய் பிழைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கப் போனபோது, குழந்தைகள் வார்டின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு நர்ஸை நிறுத்தி வைத்து ஷெட்டுக்காரர் விசாரணை நடத்திக்கொண்டிருந்தார். இன்குபேட்டர் அவருக்குப் புதிதில்லை. பண்ணைக்கு வருமுன் நான்கு வருஷம் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில் வேலை பார்த்தவர். உள்ளே எத்தனை டிகிரி, ஈரப்பதம் எவ்வளவு, கரண்ட் போனால் ஜெனரேட்டர் எத்தனை வினாடியில் எடுக்கும் என்று வரிசையாகக் கேட்டார். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். கடைசியாக அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"திருப்பி விடறீங்களா?"

ஹேச்சரியில் முட்டையைத்தான் அப்படித் திருப்புவார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்திப் படுக்க வெக்கறோமுங்க" என்றாள் நர்ஸ்.

அவர் என் பக்கம் திரும்பினார். "இங்க வேல தெரிஞ்சவங்க இருக்கறாங்க மேடம்."

இரண்டரை மாதம் கழித்து, குழந்தைக்குத் தடுப்பூசி போட மூன்று பேரும் எங்களிடம் வந்தார்கள். ஊசி முடிந்ததும் கலா சிஸ்டர் சுகன்யாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பட்டையைச் சுற்றிக்கொண்டே, உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் பேனாவை எடுத்து, அவள் சொல்லப்போகும் "நல்லாத்தானுங்க இருக்கேன்" என்பதற்குத் தயாரானேன்.

"முதுகு வலிக்குதுங்க சிஸ்டர்" என்றாள் சுகன்யா. "தையல் போட்ட எடம் இன்னும் சுருக்குங்குது. தூக்கமே இல்லீங்க. அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில பாத்ரூமு எத்தன தூரம் தெரியுங்களா? இங்க இந்த பெஞ்சு, சாஞ்சு உக்கார முடியறதில்லீங்க, எப்பவுமே. இந்த மனுசன் வேற, தெனமும் காலையில புள்ளையத் தீனித் தராசுல வெச்சு எடை போட்டு எழுதறாரு. ஒரு நாள் பத்து கிராம் கொறஞ்சுதுன்னு எனக்குச் சோறு எறங்கற வரைக்கும் பக்கத்துலயே நிக்கறாரு."

அவள் நிறுத்தவில்லை. பஸ்ஸைப் பற்றிச் சொன்னாள், மாத்திரையின் வாடையைப் பற்றிச் சொன்னாள், மாமியாரின் கஷாயத்தைப் பற்றிச் சொன்னாள். ஷெட்டுக்காரர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நின்றார். முதல் முறையாக அவர் சிரித்து நான் பார்த்தேன்.

"சொல்லு சாமி" என்றார். "இன்னும் சொல்லு."

ஜன்னலில் எட்டுப் பேர் மாத்திரைக்கு நின்றார்கள். நான் அடுத்தவரைக் கூப்பிடாமல், அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.