சமையல் மேடைக்கு அடியில் பிளாட்டினம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

முப்பத்தாறு வருடம் தபால் பிரித்து ஓய்வு பெற்றவனின் பணிவான வணக்கம். தாங்களும் அலுவலகத்தாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். முக்கியமாக, வாராவாரம் பாறைகளைப் பற்றி எழுதும் பேராசிரியர் நூறு வயது வாழ வேண்டும்.

ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். சாப்பாடு இறங்கவில்லை. டாக்டர் மாத்திரைகூட எழுதாமல், "எதிலாவது மனசை வைங்க, இல்லேன்னா படுத்துடுவீங்க" என்று அனுப்பிவிட்டார். அப்போதுதான் தங்கள் பத்திரிகையில் பேராசிரியரின் அந்தக் கட்டுரையைப் படித்தேன். பூமிக்கடியில் கிளம்பிய நெருப்புக் குழம்பு மேலே வர வழியில்லாமல், நடுவிலேயே பாறைகளுக்குள் புகுந்து, கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் நிதானமாக ஆறி இறுகியதாம். ஆறும்போது நிக்கல், செம்பு, பிளாட்டினமெல்லாம் சில இடங்களில் அடியில் போய்ப் படிந்துவிடுமாம். அந்தப் பாறை பெரும்பாலும் கருப்பு என்று படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்க சமையல் மேடைக் கல்லும் கருப்புதான் சார். எட்டு வருஷமா அது மேல காய் நறுக்குறோம், அடியில என்ன படிஞ்சிருக்குன்னு ஒருத்தராவது குனிஞ்சு பார்த்தோமா?

நான் பார்த்தேன். டார்ச் அடிச்சா ஒரே சிமெண்டு. சரின்னு உளியும் சுத்தியலுமா சுரண்ட ஆரம்பிச்சேன், கல்லு ஆடுச்சு, அடுப்பு நழுவுச்சு, அதைப் பிடிக்கப் போய் குழாயை உடைச்சேன், தண்ணி கூடம் வரைக்கும் பாய்ஞ்சு, கீழ்வீட்டுக்காரர் ஈரத்தலையோட ஓடி வந்து, அவரும் நானும் அவர் கூட்டிட்டு வந்த கொத்தனாருமா கல்லைக் குப்புறப் புரட்டிப் போட்டோம். அடியில மினுமினுன்னு மின்னுச்சு பாருங்க, மூணு பேரும் ஈரத் தரையிலேயே மண்டி போட்டுப் பார்த்தோம். என் சம்சாரம் ஒரு வார்த்தை திட்டலை. பத்து நாளா கூடத்துல அடுப்பை வச்சு சமைக்கிறா. எனக்கு நல்லா பசிக்குது சார், படுத்தா தூக்கம் வருது.

ஒரு துண்டு உடைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பேராசிரியர் சோதித்துச் சொல்ல வேண்டும். அவருக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். தங்கள் பத்திரிகை மேன்மேலும் வளர்க.

பின்குறிப்பு: கல்லுக்குக் காவல் இருக்கணும்னு சொல்லி, இதைத் தபால்ல சேர்க்க என்கிட்ட கொடுத்தார். எழுதுறது அவர் சம்சாரம். அது பாறையே இல்லீங்க. தொழிற்சாலையில கல்தூளையும் பசையையும் கலந்து வார்த்தது, கடையில நின்னு வாங்கினவளே நான்தான். மினுமினுப்பு அவங்களே கலக்குறது. அவர் உளியை எடுத்தப்பவே சொல்லியிருக்கலாம். ஆனா ஆறு மாசத்துல அன்னிக்குத்தான் அந்த நாற்காலியை விட்டு எழுந்தார், அதான் வாயை மூடிக்கிட்டேன். பேராசிரியரை அவசரப்பட்டு முடிவு எழுத வேண்டாம்னு சொல்லுங்க. சோதனை நடந்துகிட்டு இருக்குன்னு ஒரு வரி போட்டா போதும். மேடையை அப்புறம் கட்டிக்கலாம், மனுஷன் சாப்பிடுறார்.