சவரிக்காட்டு வளைவில் நின்ற சீமைக் கார்

செண்பகனூர்,
ஆடி 29, காலை.

பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்து ஊருக்கே நல்லது கட்டிக்கொடுக்கும் கந்தவேல் மச்சானின் மனைவியும், என்னோடு கூடப் பிறந்த ஒரே அக்காவுமாகிய சண்முகசுந்தரி அவர்களுக்கு, தம்பி சேனாதிபதி மலைமேல் இருந்து கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் புவனாவும் சுகம். மழையும் சுகமாகப் பெய்கிறது. அங்கே உன் முட்டுவலி குறைந்ததா, மச்சானுக்கு ஆடிக் கூட்டத்தில் வியாபாரம் எப்படி, மருமகள் தாரணி முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டதா என்று அறிய ஆசைப்படுகிறேன்.

இதைப் போனிலேயே கேட்கலாமே என்பாய். நிச்சயதார்த்தம் முடிந்து இன்றோடு நாற்பத்தோரு நாள், நீ என் போனை எடுக்கவில்லை. தாரணிதான் மெதுவாகச் சொன்னாள், "அம்மா உங்க நம்பரையே அடைச்சு வச்சிருக்காங்க மாமா" என்று. ஆகவே எட்டாம் வகுப்புக்குப் பிறகு முதல் முறையாகப் பேனாவைப் பிடித்திருக்கிறேன். அந்தக் காலத்து எட்டாம் வகுப்பு இந்தக் காலத்து எம்.ஏ.வுக்குச் சமம் என்பது உனக்கே தெரியும். இதைப் பழனி பஸ் கண்டக்டர் தங்கமுத்து கையில் கொடுத்தனுப்புகிறேன். அவன் நம்பகமான ஆள், பிரித்துப் படித்தாலும் மறுபடி ஒட்டித்தான் கொடுப்பான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆவணி முகூர்த்தத்தில் தாரணியின் கையைப் பிடித்து மணமேடைக்குக் கூட்டிப்போக, எனக்குப் பதிலாக ஆயக்குடி சித்தப்பா மகன் சிவமுருகனை மாமன் முறைக்கு நிறுத்தப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். அக்கா, தாரணிப் பிள்ளை என் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொண்டது. அன்றைக்கு அது கடித்த கடி என் வலது தோளில் இன்னும் தழும்பாக இருக்கிறது, மழைக்காலத்தில் வலிக்கும். சிவமுருகன் தோளில் ஒரு கீறல் உண்டா? கேட்டுப் பார். அவனிடம் மினி வேன் இருக்கிறது, அது வழியில் நிற்பதில்லை, நேரத்துக்கு வந்துவிடுவான் என்கிறாய். நேரத்துக்கு வருவது பெரிய காரியமா? பால்காரன்கூடத்தான் வருகிறான்.

என் காரைப் பற்றி நீ தப்பாக நினைத்துவிட்டாய். கோயம்புத்தூரில் ஒரு மில் முதலாளி வீட்டில் அந்த ஹாலிங்டன் என்ற சீமைக் காரை முதன்முதலில் பார்த்தபோது, புழுக்கம் தாங்காமல் அது நிழலில் படுத்துக் கிடந்தது. இங்கிலாந்தில் குளிர், கொடைக்கானலிலும் குளிர், ஆகவே நம் ஊர் அதற்குப் பிறந்த வீடு மாதிரி என்று எனக்குப் பட்டது. இவ்வளவு யோசித்து யார் கார் வாங்குகிறார்கள்? உள்ளே டாஷ்போர்டு பூராவும் அசல் மரம். அதற்கு முன்னால் லண்டனில் ஒரு அரண்மனைக்காரரின் மச்சினன் ஓட்டியதாம். சாவியைக் கொடுக்கும்போது முதலாளி கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். நாங்கள் கேட்டைத் தாண்டியதும் அவர் வீட்டு வாட்ச்மேன் ரோட்டில் தேங்காய் உடைத்தான். பார், வழியனுப்பும்போதும் எவ்வளவு மரியாதை. மலை ஏறி வரும்போது பெருமாள்மலைக்குப் பக்கத்தில் காட்டுமாடு இரண்டு குறுக்கே நின்றன. எழுதும்போது ஞாபகம் வருகிறது, நாலு. என் காரைப் பார்த்ததும் நாலும் வரிசையாக ஒதுங்கி வழி விட்டன. நம் வட்டக்கானல் காட்டேஜுக்கு வந்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் அதைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். அந்தக் காருக்குள் ஒரு அம்மா இங்கிலீஷில் வழி சொல்லிக்கொண்டே வருவாள். முதல் நாள் புவனா பின்சீட்டிலிருந்து, "யாருங்க அவ, உங்ககிட்ட இவ்வளவு நெருக்கமா பேசுறா" என்று கேட்டாள். அது மிஷின் என்று நிரூபிக்க எனக்குப் பெருமாள்மலையிலிருந்து வீடு வரை ஆயிற்று.

நீயே அந்தக் காரை மெச்சினாய், மறந்துவிட்டாயா? நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னால், தாய்மாமனை முறைப்படி அழைக்க வெற்றிலை பாக்கோடு மலை ஏறி வந்தாய். சூடாகிற சீட்டில் உன்னை உட்கார வைத்தேன். "ஏலே, முட்டுக்கு ஒத்தடம் குடுத்த மாதிரி இருக்குடா" என்று அரை மணி நேரம் இறங்கவே மாட்டேன் என்றாய். புவனா காபியை அங்கேயே கொண்டுவந்து தந்தாள். பிறகு இறங்கி வண்டியைச் சுற்றி வந்து, "இம்புட்டு அழகா கெடக்கே, ஊர்க்கண்ணு பட்டா என்னத்துக்கு ஆகும்" என்று சொல்லி, மச்சான் கடையில் பொறுக்கி எடுத்த திருஷ்டிக் கயிற்றைப் பையிலிருந்து எடுத்தாய். கறுப்புக் கயிறு, அஞ்சு எலுமிச்சம்பழம், பச்சை மிளகாய், நடுவில் தேங்காய் அளவு படிகாரக் கல். காருக்கு முன்னால், நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில், உன் கையால் தொங்கக் கட்டினாய். எதற்கும் இருக்கட்டும் என்று அதே மாதிரி இன்னொன்றை டிக்கியில் வைத்தாய். அந்தக் காரில் ஆயிரம் குறை சொல்லட்டும், உன் கயிற்றை ஒருத்தன் குறை சொல்ல விடமாட்டேன்.

நிச்சயதார்த்தத்தன்று நடந்ததை நீ அரைகுறையாகத்தான் கேட்டாய். முழுசாகக் கேள். வெள்ளனே குளித்து, பதினொரு சீர்த்தட்டையும் பின்சீட்டில் அடுக்கி, பண்ணைக்காட்டு மலைவாழைத் தட்டைப் புவனா மடியில் வைத்து, நல்ல நேரத்தில்தான் கிளம்பினேன். ஒரு வாரமாக அந்தக் கார் லேசாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது, மழைக்குத் தொண்டை கட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு வடகவுஞ்சி தாண்டியதும் கீ கீ என்று அலற ஆரம்பித்தது. நான் ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன், அது தன்னால் பிரேக் பிடிக்கிறது. பத்து அடி போகும், நிற்கும். பத்து அடி போகும், நிற்கும். இப்படியே சவரிக்காட்டு வளைவுக்கு வந்து, படக்கென்று நின்றுவிட்டது. டாஷ்போர்டில் சிவப்பாக ஏதோ எழுத்து. எனக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை, சிவப்பு எழுத்து கண்ணைக் கூசும். போட்டோ எடுத்து மூஞ்சிக்கல் மெக்கானிக் அலாவுதீன் பாய்க்கு அனுப்பினேன். அவர் போன் போட்டு, "அண்ணே, வண்டிக்கு முன்னாடி ஏதோ நிக்குதுன்னு எழுதிக் காட்டுதுண்ணே" என்றார். "ஒண்ணும் நிக்கலையே பாய்." "நல்லாப் பாருங்கண்ணே, சீமை வண்டி பொய் சொல்லாது." நான் இறங்கிப் பார்த்தேன். ரோடு காலி, பனிமூட்டம் மட்டும்தான். புவனா கண்ணாடியை இறக்கி, "நம்ம கண்ணுக்குத் தெரியாதது அதுக்குத் தெரியுதோ என்னமோ" என்றாள் பார், எனக்கு முதுகு சில்லிட்டுவிட்டது. பனிக்குள் வெள்ளையாக ஒன்று நின்றது அக்கா. ஆள் உயரம். நான் பார்க்க, அது பார்க்க, கடைசியில் அதுதான் கண்ணைத் தாழ்த்தியது.

உடனே உனக்குத்தான் போன் போட்டேன். நீ கல்யாண மண்டப வாசலில் நின்றுகொண்டு, "ஏலே, டிக்கியில இன்னொரு கயிறு கெடக்குல்ல, அதையும் வெரசா கட்டு, எது நின்னாலும் ஓடிப்போகும்" என்றாய். அக்கா சொல்லை நான் எப்போது தட்டியிருக்கிறேன்? கட்டினேன். அதற்கப்புறம் வண்டி அந்தப் பத்து அடிகூடப் போகவில்லை. அப்போது ஆண்டவனே அனுப்பியது போல மேலே இருந்து ஒரு காய்கறி ஜீப் வந்தது. தட்டுகளை முட்டைக்கோஸ் மூட்டைக்கு மேல் ஏற்றி, புவனாவை முன்னால் உட்கார வைத்து, நான் பின்னால் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் லக்ன பத்திரிகையை வாசித்து முடித்து, பந்தியில் பாயசத்துக்கு வந்துவிட்டார்கள். சபையில் தாய்மாமன் இல்லாமல் நீ தலையைக் குனிந்து நின்றாய் என்று தாரணி சொன்னாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை, ஒரு வேளையாவது. அதற்கு மேல், மாப்பிள்ளையின் அம்மா மகாதேவி அம்மாள் தட்டின் மூடுதுணியை விலக்கினால், பேரிக்காய்க்கு நடுவில், ஜீப்பிலிருந்து உருண்டு வந்த ஒரு காலிபிளவர். "உங்க பக்கம் சீர்ல காலிபிளவர் வைக்கிறது வழக்கமுங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டார். நான் விடுவேனா? "ஆமாங்க, மலைமேல அது இல்லாம சீரே கிடையாது, நாலு தலைமுறையா இருக்குங்க" என்றேன். உன் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னேன். நீயோ எல்லார் முன்னாலும், "இனி அந்தக் கார் என் வாசலுக்கு வந்தா நீ என் தம்பியில்ல" என்று சொல்லிவிட்டாய்.

மறுநாள் அலாவுதீன் பாய் வந்து, எதையோ பிடுங்கிவிட்டுக் கட்டியிழுத்துக்கொண்டு போனார். ஒரு மாதம் அவர் ஷெட்டில் இருந்தது. மனுஷன் பக்தியானவர். உன் இரண்டு கயிற்றையும் பத்திரமாக அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டுத்தான் பானெட்டையே திறந்தார். ஷெட்டைச் சுற்றி நாற்பது ரவுண்டு ஓட்டினோம், பூனைக்குட்டி மாதிரி ஓடியது. வேலை முடிந்தது என்று கயிற்றைக் கட்டி வெளியே எடுத்தால், கேட்டிலேயே கீ கீ. மறுபடி உள்ளே, கயிறு ஆணிக்கு, வண்டி பூனைக்குட்டி. "எங்க தெருவுல தர்கா இருக்குல்லண்ணே, உள்ள இருக்கிற வரைக்கும் அடங்கி இருக்கு" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஆகவே அக்கா, முடிவு எடுத்துவிட்டேன். மரியாதையைவிட மருமகள் பெரிது. காரை நேற்றே பஜாரில் போர்வைக் கடை வைத்திருக்கும் சைஃபுல்லாவுக்குக் கொடுத்துவிட்டேன். அவர் கண்கலங்கி வாங்கிக்கொண்டார். முகூர்த்தத்துக்கு முதல் நாளே நானும் புவனாவும் பஸ்ஸில் வந்து இறங்குகிறோம், தட்டுகளை மடியிலேயே வைத்துக்கொண்டு. சிவமுருகனைப் பந்தியில் தண்ணீர் ஊற்றச் சொல், அவனுக்குக் கை நடுங்காது. தாரணியின் கையை மட்டும் என்னிடம் கொடு.

மருமகள் தாரணி, மாப்பிள்ளை கைப்பிடித்து, மலை முருகன் அருளால் பேரன் பேத்தி எடுத்து, கட்டிய புடவை நிறம் மாறாமல் வாழ ஆசீர்வாதம். மச்சானுக்கு வணக்கம். உனக்கு மறுபடியும் ஒரு கும்பிடு.

இப்படிக்கு, உன் சொல் தட்டாத தம்பி,
ப. சேனாதிபதி.

பின்குறிப்பு: கடிதத்தைப் புவனா வாங்கிப் படித்துவிட்டு, "இப்படியே அனுப்புனீங்கன்னா நான் தனியா ஒண்ணு எழுதுவேன்" என்று கரண்டியோடு பக்கத்தில் நிற்கிறாள். ஆகவே சில திருத்தங்கள். காட்டுமாடு ஒன்றுதான், அதுவும் படுத்திருந்தது. சவரிக்காட்டில் வெள்ளையாக நின்றது மைல்கல். சைஃபுல்லா வந்தார், பார்த்தார், டீ குடித்தார், போய்விட்டார். கார் வாசலில்தான் நிற்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை உன் கயிறுகளைக் கட்டி வண்டியை ஸ்டார்ட் செய்தேன். கீ கீ. தோசை வார்த்துக்கொண்டிருந்த புவனா சத்தம் பொறுக்காமல் வெளியே வந்து, ஆடிக்கொண்டிருந்த படிகாரக் கல்லைக் கரண்டியால் தூக்கிப் பிடித்தாள். சத்தம் நின்றது. விட்டாள், கத்தியது. மூன்று தடவை செய்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்து, "இத உங்க அக்காகிட்ட யாருங்க சொல்றது?" என்றாள். காரோடு வந்த புத்தகத்தைப் புவனாவே எழுத்துக்கூட்டிப் படித்தாள். அந்தக் காரின் மூக்கில் ஏதோ கண் இருக்கிறதாம், முன்னால் எது தொங்கினாலும் ஆள் நிற்கிறது என்று நினைத்து நின்றுவிடுமாம். முன்னால் நின்றது நீ கட்டிய கல்தான் அக்கா.

உன்னிடம் சொல்லவே கூடாது என்றுதான் இருந்தேன். என் கார் கெட்ட கார் என்று ஊர் பேசிவிட்டுப் போகட்டும், கயிற்றால்தான் இப்படி ஆயிற்று என்று ஒரு வாயிலும் வரக்கூடாது, மச்சான் கடை நடக்க வேண்டும். அலாவுதீன் பாயிடமே நான் மூச்சு விடவில்லை. தங்கமுத்து, நீ இதைப் படித்திருந்தால் உன்னோடு போகட்டும்.

ஆகவே முகூர்த்தத்துக்குக் காரில்தான் வருகிறேன். உன் வாசலில் உட்கார்ந்து பூ விற்கும் பூக்காரம்மாவைக் கொஞ்சம் நகரச் சொல், கார் நிற்க இடம் வேண்டும். மகாதேவி அம்மாள் எதிர்பார்ப்பார் என்பதால் காலிபிளவர் இரண்டாகக் கொண்டுவருகிறோம். உன் முட்டுக்கு அந்தச் சீட்டைச் சூடாகவே வைத்திருப்பேன். இரண்டு கயிறும் என் சட்டைப்பையில் இருக்கும். வண்டி வாசலில் வந்து நின்ற பிறகு உன் கையாலேயே கட்டு. நிற்கிற வண்டி எவ்வளவு பெரிய கல்லையும் தாங்கும்.