குபேர வாசல் வைத்த கம்ப்யூட்டர்

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் கையில் கம்ப்யூட்டர் பெட்டியோடு இறங்கினால் போதும், எங்கே போகணும் என்று ஆட்டோக்காரர் கேட்கவே மாட்டார். நேராக வல்லரசு சுவாமிகளின் ஆசிரமத்தில் இறக்கிவிட்டு, "டோக்கன் வாங்கிட்டு உக்காருங்க" என்று புத்தியும் சொல்லிவிட்டுப் போவார்.

அங்கே பார்த்தால் பஞ்சாலை மேனேஜர், ஜெராக்ஸ் கடைக்காரர், டிரைவிங் ஸ்கூல்காரர் என்று ஆளுக்கொரு சிபியுவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். வரிசையில் எஞ்சினியரிங் படித்தவர்களும் உண்டு. அவர்கள் டோக்கனை ஆன்லைனில் எடுத்தவர்கள்.

எல்லாருக்கும் நோய் ஒன்றுதான். கம்ப்யூட்டர் பத்து வருஷத்துப் பழசு. அதன் சதுர மானிட்டர் செத்துப்போய், இப்போது கடையில் கிடைக்கிற அகல மானிட்டரை வாங்கி மாட்டியிருப்பார்கள். மாட்டிய நாளிலிருந்து எழுத்தெல்லாம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு, வட்டம் முட்டையாகி, முகப்பில் வைத்த சாமி படம்கூடக் கன்னம் வீங்கித் தெரியும். பழைய பெட்டிக்குள் படம் காட்டுகிற சில்லுக்கு இந்த அகலம் பழக்கமில்லை. விஷயம் அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டால் சுவாமிகள் பிழைப்பது எப்படி? அதனால் அதற்கு 'அகல திருஷ்டி தோஷம்' என்று பெயர் வைத்தார்.

பரிகாரமும் அவரிடமே இருந்தது. பெட்டியைப் பூஜை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்துவார். ஒரு மணி நேரம் மணிச் சத்தம் கேட்கும். வெளியே வரும்போது பெட்டியைச் சுற்றி மஞ்சள் கயிறு, கயிற்றின் முடிச்சில் அரக்கு முத்திரை. உள்ளே செப்புத் தகட்டு யந்திரம். காணிக்கை ஒன்பதாயிரம்.

"சீலை உடைச்சா சக்தி போயிரும். பழைய வாசல்ல ஒயரைச் சொருகாதீங்க, அது எம வாசல். கீழே புதுசா ஒண்ணு தெறந்திருக்கு பாருங்க, அது குபேர வாசல். மானிட்டர் ஒயரை அதுல சொருகுங்க" என்பார்.

சொருகினால் படம் பளிச்சென்று நேராகிவிடும். பக்தர்கள் கண்ணீர் விடுவார்கள். இரும்புப் பெட்டியின் முதுகில் மந்திரத்தால் எப்படி ஓட்டை விழும் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

கேட்டது ஜெயசித்ரா ஒருத்திதான். கேட்டதற்கு அவள் வேலை போகப் பார்த்தது.

ராஜபாளையத்துக்கு வெளியே சௌந்தரபாண்டியனின் பேண்டேஜ் துணி கம்பெனியில் அவள் லேபிள் டிசைன் செய்கிறவள். வன்னியம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். மகள் படிப்பு, வீட்டு வாடகை எல்லாம் இந்த ஒரு சம்பளத்தில்தான்.

ஆயுத பூஜைக்கு முதலாளி புது மானிட்டர்களை வாங்கிப் பொட்டு வைத்து மாட்டினார். மறுநாள் வேலை தொடங்கியதும் லேபிளின் நடுவில் இருந்த வட்ட முத்திரை, படுத்த முட்டையாகத் தெரிந்தது. முதலாளி அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்னம்மா இது, கோணலா இருக்கு. வட்டமா ஆக்கு."

"ஸ்கிரீன்லதான் மொதலாளி அப்படித் தெரியுது. பிரிண்டுல சரியா வரும்."

"எனக்குக் கண்ணு இல்லையா? ஆக்குன்னா ஆக்கு."

ஆக்கினாள். இருபதாயிரம் லேபிளிலும் முத்திரை நின்ற முட்டையாக அச்சாகி வந்தது. திரையிலும் லேபிளிலும் அளவுகோலை வைத்துப் பார்த்திருந்தால், கோளாறு திரையில்தான் என்று அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். முதலாளி அளவுகோலை எடுக்கவில்லை, காரை எடுத்தார். கணக்கு எழுதுகிற கம்ப்யூட்டரை முதலில் சுவாமிகளிடம் கொண்டுபோனார். பெட்டியைத் தூக்க போர்மேன் மொக்கைச்சாமி. லேபிள் விவரம் சொல்ல ஜெயசித்ரா.

பூஜை முடிந்து பெட்டி வந்ததும் அவள் அதன் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"சாமி, இந்த வாசல் காலைல இல்லையே. எப்படி வந்துச்சு?"

சுவாமிகள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணை மூடினார். பிறகு முதலாளியிடம், "லேபிள் மிசினுக்கு யந்திரம் ஏறாது. அந்தச் சீட்டுல உக்காருற பொண்ணோட நட்சத்திரம் ஆகல. ஆளை மாத்துங்க. வெள்ளிக்கிழமை நானே வந்து சீட்டைச் சுத்தி பண்ணுதேன்" என்றார்.

ஏழு வருஷம் வேலை பார்த்தவளை, வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொல்ல முதலாளிக்கு ஏழு நிமிஷம்கூட ஆகவில்லை. ஜெயசித்ராவுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

மறுநாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் கணக்குக் கம்ப்யூட்டரின் கயிற்றை அறுத்து மூடியைக் கழற்றினாள். செப்புத் தகடு ஓர் ஓரத்தில் சும்மா தொங்கியது. அதன் அடியில் நாலு விரல் அகலத்தில் ஒரு சின்னக் கார்டு செருகியிருந்தது. குபேர வாசல் அந்தக் கார்டின் நுனி, பெட்டி முதுகில் ஏற்கெனவே இருந்த சந்து வழியாக எட்டிப் பார்த்தது. அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு, மூடியைப் போட்டுக் கயிற்றைத் தெரியாதபடி முடிந்துவிட்டு, சாயங்காலம் ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தங்கபாயிடம் காட்டினாள்.

"கிராபிக்ஸ் கார்டு, திரைக்குப் படம் அனுப்புறது. பழசு, எண்ணூறு ரூவா" என்றாள் தங்கபாய். "கேம் ஆடவா?"

"இல்லக்கா, ஆபீஸ் வேலைக்கு."

"அப்ப பெரிய கார்டு எதுக்கு? பழைய பெட்டிக்குத் தனியா கரண்ட் ஒயர் கேக்காத கார்டா எடுக்கணும். பெட்டி ஒல்லியா இருந்தா குட்டைக் கார்டு. மானிட்டர் ஒயர் சேருதா, அதோட முழு அகலத்துக்குப் படம் குடுக்குதான்னு பாக்கணும். அம்புட்டுத்தான். போன மாசம்கூட ருத்ராட்சம் போட்ட ஆளு ஒருத்தரு நாப்பது கார்டு அள்ளிட்டுப் போனாரு."

வெள்ளிக்கிழமை சுவாமிகள் வந்து இறங்கினார். பக்கத்துக் கம்பெனி ஆட்களும் கூடிவிட்டார்கள். கற்பூரம் ஏற்றும் முன் ஜெயசித்ரா முன்னால் வந்து நின்றாள்.

"மொதலாளி, நான் போறேன். போறதுக்கு முன்னால செத்த நேரம் குடுங்க."

அவர் தலையாட்டுவதற்குள் கணக்குக் கம்ப்யூட்டரை அணைத்து, மூடியைத் திறந்து, தகட்டை உருவி மேஜைமேல் வைத்தாள். மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டாள். படம் நேராகவே இருந்தது.

"என்ன சாமி, தகடு வெளிய கெடக்கு, படம் நேராத்தானே இருக்கு?"

"சக்தி ஒரு மண்டலம் நிக்கும்" என்றார் சுவாமிகள்.

"சரி." மறுபடி அணைத்தாள். கார்டைப் பிடுங்கினாள், தகட்டைக் கட்டினாள், ஒயரை எம வாசலில் சொருகினாள். திரையில் சாமிக்குக் கன்னம் வீங்கியது.

"தகடு இருக்கு. சக்தி எங்க?"

"சீலை உடைச்ச பாவம்!" என்று சுவாமிகள் சத்தம் போட்டார். "ஆமாமா" என்று மொக்கைச்சாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அப்ப பாவம் பண்ணுன என் கையாலயே பாப்போம்." பிடுங்கிய கார்டைத் தன் லேபிள் கம்ப்யூட்டரில் செருகினாள். தகடு இல்லை, கயிறு இல்லை, பூஜை இல்லை. ஆகாத சீட்டில் ஆகாத நட்சத்திரக்காரி உட்கார்ந்திருக்கிறாள். கார்டை இயக்கும் டிரைவர் புரோகிராம் ஏறப் பத்து நிமிஷம் பிடித்தது. சுவாமிகள் அந்தப் பத்து நிமிஷமும் ஏறக்கூடாது என்று முணுமுணுத்தார். ஏறியது. மாற்றுவதற்கு முன்பிருந்த பழைய லேபிளைத் திறந்தாள், திரையில் முத்திரை வந்தது. அளவுகோலை முதலாளி கையில் கொடுத்தாள். குறுக்கே பத்து சென்டிமீட்டர், நெடுக்கே பத்து சென்டிமீட்டர்.

"எண்ணூறு ரூவாக் கார்டுக்கு ஒம்பதாயிரம் வாங்கிட்டு, என் சோத்துலயும் மண்ணள்ளிப் போட்டாரு. இப்ப எந்த நட்சத்திரம் ஆகல, மொதலாளி?"

"திங்கட்கிழமை வழக்கம்போல வந்துரும்மா" என்றார் முதலாளி. அவருக்கு முகம் சிவந்துபோயிருந்தது. சுவாமிகள் செருப்பைத் தேடினார். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் வாசலை மறித்துக்கொண்டார்கள். அதில் மூன்று பேர் வீட்டிலும் ஆபீஸிலும் சேர்த்து ஏழு குபேர வாசல் திறந்தவர்கள். அவர் போலீஸ் ஜீப்பில்தான் போக முடிந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் மனுஷ ஜாதியைப் பற்றி நல்லதாக இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த திங்கட்கிழமை கம்பெனி வாசலில் எட்டு சிபியு வரிசையாக நின்றது. ஒருவர் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்திருந்தார்.

"அம்மா, ஒங்க கை ராசியான கைன்னு ஊரே பேசுது. நீங்களே மாட்டிவிடுங்க" என்றார் அவர்.

மொக்கைச்சாமி குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, எந்தக் கெழமை மாட்டுனா நல்லது?"

ஜெயசித்ரா ஸ்க்ரூ டிரைவரை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"கரண்ட் இருக்குற கெழமை, அண்ணாச்சி. மூடியை நீங்களே கழட்டுங்க. உள்ள என்ன இருக்குன்னு தெறந்து பாக்காத வரைக்கும், ஒரு சாமி போனா இன்னொரு சாமி வந்துகிட்டேதான் இருப்பான்."