அப்பா ஆபீசுக்கு வந்தும் வராத நாள்

நைனார்பாளையம்,
22-11-1987.

பேரன்பும் பெருமீசையும் உடைய மாமா ஹவில்தார் அரங்கநாதன் அவர்களின் பூட்ஸ் பாதங்களுக்கு, அக்கா மகன் தமிழரசன் அடி விழாத தூரத்தில் நின்று அடிக்கும் சல்யூட். இங்கு அம்மா நலம், பசுமாடு நலம், நான் அதிநலம். ஜான்சியில் தாங்களும் தங்கள் துப்பாக்கியும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நிற்க. (பட்டாளத்துக்காரரை நிற்கச் சொல்ல நான் யார்? உட்கார்ந்தே படிக்கவும்.)

இதனால் பாரத நாட்டின் எல்லை வரை அறிவிப்பது யாதெனில், என் தந்தையார் தனசேகரன் அவர்கள், தொடர்ந்து பதினோரு வேலை நாட்கள், லேட்டே ஆகாமல் ஆபீசுக்குப் போயிருக்கிறார். எந்த ஆபீஸ் என்பது உங்களுக்குத் தெரியும், லெட்டரில் பெயர் எழுதக் கூடாதென்பது அப்பாவின் நிரந்தர உத்தரவு. கள்ளக்குறிச்சியில் இருக்கிறது, அவ்வளவுதான் அரசாங்க ரகசியம்.

விஷயம் இன்னான்னா மாமா, செப்டம்பர்ல இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் மறியல் நடந்துதே, வெட்டிச் சாச்ச மரத்தையெல்லாம் ரோட்டுலேர்ந்து எடுத்தாச்சு, ஆனா பஸ்ஸு மட்டும் இன்னும் பயந்துக்கினே வருது. எங்கியோ நாலு பேரு கூடி நிக்கிறாங்கன்னு கேட்டா போதும், சின்னசேலத்தோட திரும்பிப் போயிடும். அப்பாவுக்கு ரெண்டு லேட்டு விழுந்துடுச்சு. மூணாவது விழுந்தா ஒரு நாள் லீவு காலி, அது பரவாயில்ல, மெமோ ஒண்ணு வந்துட்டா ஜனவரியில வர்ற பதவி உயர்வு லிஸ்டுல பேரு இருக்காது. பத்தொன்பது வருஷமா காத்துக்கினு இருக்கிற லிஸ்டு அது. அம்மா சாமிக்கு வேண்டிக்கினு இருந்தாங்க, நான் மூளைக்கு வேல குடுத்தேன். நீங்க போன லெட்டர்ல எழுதினீங்களே, ‘காம்ப்புல முப்பது பேரும் ஒரே லாரியில டூட்டிக்குப் போறோம், ஃபாலின்னு வரிசையா நிக்க வச்சு, பேரு கூப்ட்டு, ஏத்தி வுடுவாங்க’ன்னு, அத படிச்சதும் பல்பு எரிஞ்சுது. நம்ம பூமாலை அண்ணன் வேனு தினமும் காலையில காலியாத்தானே போவுது? கள்ளக்குறிச்சி தாண்டி கச்சிராயபாளையம் போயி, மலையிலேர்ந்து எறங்குற புளியும் கடுக்காயும் ஏத்திக்கினு சாயங்காலம் திரும்பி வரும். அதுல அப்பா, கருவூலத்துல வேல செய்யிற செல்லமுத்து சாரு, பள்ளிக்கூடத்து கமலா டீச்சர், இன்னும் நாலு பேரு சேந்து மாசத்துக்குப் பேசி ஏறிக்கலாம்னு யோசன சொன்னது சாட்சாத் நானே.

வேனு கெடச்சுது, நிம்மதி கெடைக்கல. மொத நாளே யாரு முன் சீட்டுல ஒக்கார்றதுன்னு சண்ட. செல்லமுத்து சாரு, “கருவூலம் கையெழுத்து போட்டாத்தான் எல்லாருக்கும் சம்பளம்”னாரு. கமலா டீச்சர், “நான் செலக்‌ஷன் கிரேடுங்க”ன்னாங்க. அப்பா வேலையில சேந்த தேதியச் சொன்னாரு. பூமாலை அண்ணன் ஹார்ன அமுக்கிக்கினே, “யாரு முன்னாடி ஒக்காந்தாலும் வண்டி ஒண்ணாத்தான் போயி சேரும், ஏறுங்க சாமிங்களா!”ன்னாரு. சாயங்காலம் இந்தச் சண்டையே கெடையாது, ஏன்னா மூட்டை மேலதான் ஒக்காரணும், பெரிய ஆபீசர் உசந்த மூட்டை. அப்பா சட்டையில புளி வாசன ஏறி, மறுநாளு ஆபீசரு, “யாருய்யா இங்க புளிக்கொழம்பு கொண்டாந்தது?”ன்னு மூக்க உறிஞ்சினாராம்.

நேரத்துக்கு யாரும் வரலன்னு பூமாலை அண்ணன் பொலம்பவே, நாப்பது பக்க நோட்டுல கோடு போட்டு, ‘வேன் வருகைப் பதிவேடு’ன்னு ஒண்ணு செஞ்சு குடுத்தேன். வரிசை எண், பெயர், பதவி, கையொப்பம், லேட்டானா சிவப்பு மை. மாமா, அத்தன பேரும் வேனை வுட ரிஜிஸ்டரத்தான் நேசிச்சாங்க! எட்டே காலுக்கு வர்ற வண்டிக்கு எட்டு மணிக்கே வந்து, பேனாவ ஒதறிக்கினு நின்னாங்க.

அங்கதான் வெனை. போன பன்னண்டாம் தேதி வேனு ஒம்போதே முக்காலுக்கே போயி சேந்துடுச்சு. அப்பா நேராப் போயி சீட்டுல ஒக்காந்து ஃபைலப் பிரிச்சுட்டாரு. காலையில ஒரு வாட்டி வேனுல கையெழுத்து போட்டாச்சு பாருங்க, அந்த ஞாபகத்துல ஆபீஸ் ரிஜிஸ்டர்ல போட மறந்துட்டாரு. (மத்தவங்க மட்டும் எப்படி மறக்காம போட்டாங்கன்னு கேக்காதீங்க. அது வேற.) பத்தே பத்துக்கு ரிஜிஸ்டரு உள்ள போச்சு. ஆபீசரு அப்பா பேருக்கு நேரா சிவப்பு மையில ஒரு சுழி சுழிச்சுட்டு, மெமோ டைப் பண்ணச் சொல்லிட்டாரு. நடுவுல ரெண்டு வாட்டி அப்பாவ உள்ள கூப்ட்டு ஃபைலு கேட்டு வாங்கியிருக்காரு! பதினொண்ணு இருபதுக்குப் பியூன் மெமோவக் கொண்டாந்து நீட்ட, அப்பா பழக்கப்படி ‘அசல் பெற்றுக்கொண்டேன்’னு எழுதி, கையெழுத்து, தேதி, நேரம் எல்லாம் போட்டு, அப்பறமாத்தான் படிச்சிருக்காரு. ‘இன்று முன்னனுமதியின்றிப் பணிக்கு வராததன் காரணம் என்ன?’

அப்பா உள்ள ஓடி, “ஐயா, நான் இங்கதான் இருக்கேனுங்க”ன்னாராம்.

“நீ இருக்கிறது எனக்குத் தெரியும்யா. ரிஜிஸ்டருக்குத் தெரியலியே! எழுதிக் குடு.”

அன்னிக்கு அப்பா சாப்புடல மாமா. தட்டுல கைய வச்சுக்கினு, “பத்தொன்பது வருஷம்டி”ன்னு அம்மாகிட்ட ஒரே ஒரு வார்த்த. அப்பறம்தான் என் மூளை மறுபடி மின்னுச்சு. பதில நானே டைப் கிளாஸ்ல ஒக்காந்து அடிச்சுக் குடுத்தேன்: ‘தாங்கள் அனுப்பிய மெமோவை அதே நாள் முற்பகல் 11.20க்கு என் இருக்கையிலேயே பெற்றுக்கொண்டேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’ வராத ஆளு எப்படி வாங்கினாரு? ஆபீசரு படிச்சுட்டு மேசையத் தட்டிச் சிரிச்சாராம். ‘ஏற்கப்பட்டது, முடிக்கலாம்’னு எழுதி, ஃபைலக் கட்டி பீரோ மேல போட்டாச்சு. லிஸ்டுக்கு ஆபத்து இல்ல. வேனு ஓடுது, அம்மா சிரிக்கிறாங்க, அப்பா புளி வாசனையோட நல்லாத் தூங்குறாரு.

மீசைக்கு என் விசாரிப்பைச் சொல்லவும். டிசம்பர் லீவில் வரும்போது ஒரு டார்ச் லைட் கொண்டுவந்தால் தங்கள் ஆயுள் நீளும் என ஆசீர்வதிக்கும் வயது எனக்கில்லை, ஆனாலும் ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
குடும்பத்தைக் காத்த மருமகன்
த. தமிழரசன்

பின்குறிப்பு: மாமா, அப்பாவும் உங்களுக்கு எழுதிக்கினு இருக்காரு. அதுக்குள்ள நானே சொல்லிடறேன். வேன் யோசன கமலா டீச்சரோடது. மெமோவுக்குப் பதில் யோசன பூமாலை அண்ணனோடது. நான் அடிச்சது டைப்பு மட்டும், அதுலயும் பதினாலு தப்பு. அப்பறம்... அப்பா மறக்கல மாமா. தமாசுக்கு நான்தான் டைப் கிளாஸ் மிஷின்ல ஒரு சுற்றறிக்கை அடிச்சு, ஆபீஸ் கடுதாசி மாதிரியே ந.க. எண்ணெல்லாம் போட்டு, பன்னண்டாம் தேதி காலையில வேன் ரிஜிஸ்டர் மொத பக்கத்துல ஒட்டி வச்சேன்: ‘வேனில் கையொப்பமிட்டோர் அலுவலகத்தில் மீண்டும் கையொப்பமிடத் தேவையில்லை.’ மறியலுக்கு அப்பறம் தினம் ஒரு சுற்றறிக்கை வந்துக்கினு இருந்ததால அப்பாவுக்குச் சந்தேகம் வரல. டீச்சர் எழுத்துப் பிழையப் பாத்துச் சிரிச்சுட்டாங்க. செல்லமுத்து சாரு, எங்க துறைக்கு நகல் வரலன்னு கண்டுக்கல. உத்தரவுன்னா கீழ்ப்படியிற ஒரே ஆளு அப்பாதான். அந்த மிஷின்ல ‘ர’ மட்டும் கால தூக்கிக்கினு நிக்கும். நான் அடிச்ச பதிலையும் சுற்றறிக்கையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டாரு. அடிக்கல மாமா. “ந.க. எண் போட்டியே, வருஷம் எங்கடா?”ன்னு மட்டும் கேட்டாரு. அப்பறம் எனக்கு ஒரு மெமோ எழுதினாரு, ஏழு நாளுல விளக்கம் குடுக்கணுமாம். நான் ஊருலயே இல்லன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம்னு பாத்தா, ‘பெற்றுக்கொண்டேன்’னு தேதி, நேரத்தோட மொதல்லயே கையெழுத்து வாங்கிட்டாரு.