நூறு பேர் நடக்க வேண்டும்

வியாழக்கிழமை காலை மணி எட்டரை. சர்ச்சுக்குப் போகும் ரோட்டில் ஈ, காக்காய் இல்லை. சின்னப் பாலத்தின் சுவர்மேல், நோட்டும் பேனாவுமாக ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

சில்வஸ்டர் ரோட்டின் இரண்டு முனையையும் மாறி மாறிப் பார்த்தார்.

குன்னூரில் தேயிலை ஏல ஆபீஸ் ஒன்றில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர் அவர். மூன்று மாதத்துக்கு முன்னால், இந்த ரோட்டிலேயே இருக்கும் அவர் வீட்டு வாசலில் ஒரு டூரிஸ்ட் வேன், மனைவி லோயிஸின் முழங்கையில் பக்கக் கண்ணாடியால் இடித்துவிட்டு நிற்காமல் போனது. அன்றிலிருந்து அவள் வாசலைத் தாண்டுவதில்லை. அதற்காகவே சங்கம் ஆரம்பித்து, நடைபாதை கேட்டு மனுமேல் மனுவாகப் போட்டார்.

"அந்த ரோட்டுல நடக்கறதுக்கு ஆளே இல்லீங்களே" என்றார் நெடுஞ்சாலை இன்ஜினியர். "வியாழக்கிழமை காலைல எண்ணறதுக்கு ஆள் அனுப்பறேன். நூறு பேர் தேறலைன்னா ஃபைலை மூடிருவேனுங்க."

அந்த ஆள்தான் இதோ உட்கார்ந்திருக்கிறார். சில்வஸ்டர் அவசரமாகச் சங்கத்துத் துணைத்தலைவருக்குப் போன் போட்டார்.

"தங்கவேலு, எல்லாரையும் கூட்டிட்டு உடனே வாங்க. நடக்கணும்."

"இதோ வந்துட்டனுங்க."

வந்தார். ஜீப்பில் வந்தார். பின்னாலேயே சங்கத்தார் பதினெட்டுப் பேர், பதினாறு வண்டிகளில். அத்தனையையும் ஓரமாக நிறுத்தியதில், நடப்பதற்கென்று இருந்த இரண்டடி மண்ணும் போயிற்று.

"ஏனுங்க, நடக்கறதுக்கு ஜீப்புலயா வருவாங்க?"

"மேட்டுல நடந்து வந்தா அப்புறம் இங்க நடக்கத் தெம்பு வேணுமில்லீங்களா."

பத்தொன்பது பேரும் மேலும் கீழுமாக நடந்தார்கள். நோட்டுக்காரர் ஒரு கோடு போட வேண்டுமே, ஊஹூம். தேயிலைக் காட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே மூஞ்சிய எத்தனை தரம் எண்ணுவாரு?" என்றாள் சங்கத்துச் செயலாளர் கெஸியா. "ஆளை மாத்த முடியாது. குல்லாவ மாத்தலாமுங்க."

மங்கி குல்லாக்களும் ஸ்வெட்டர்களும் கை மாறின. கெஸியாவின் ஸ்வெட்டருக்குள் பாதிவரை நுழைந்த தங்கவேலு அங்கேயே மாட்டிக்கொண்டார். கண் தெரியாமல் நடுரோட்டில் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றவரைப் பார்த்து, மஞ்சூர் போகிற பஸ் கிறீச்சென்று நின்றது. ஓரமெல்லாம் சங்கத்து வண்டிகள்; ஒதுங்கிப் போக இடமில்லை. எதிரே ஒரு லாரி வந்து வழியை அடைக்க, பஸ்ஸுக்குப் பின்னால் ஆட்டோ, வேன் என்று வால் நீண்டது.

டிரைவர் இன்ஜினை அணைத்தார். "இனி இது நகராதுங்க. இறங்கி நடங்க."

பஸ்ஸிலிருந்து எழுபது பேர் இறங்கினார்கள். அதைப் பார்த்து வேன்காரர்களும் இறங்கினார்கள். நூறு என்ன, நூற்றைம்பது பேர் இருக்கும். ஹாரன் சத்தம் கேட்டு வெளியே வந்த லோயிஸ், ஒரு வண்டியும் ஓடவில்லை என்று கண்டதும், நடுரோட்டில் கைவீசி நடந்து வந்தாள். சில்வஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று மாதத்தில் அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஆனால் அந்த நோட்டு? எட்டிப் பார்த்தார். அப்போதும் வெள்ளைவெளேரென்று இருந்தது.

"சார், இத்தனை பேர் நடக்கறோம், ஒரு கோடாவது போடக் கூடாதுங்களா? மத்தவங்கள விடுங்க, எங்க ஊட்டுக்காரிய எண்ணுங்க. அவ சொந்த ஸ்வெட்டர்லதான் வர்றா."

அவர் பெருமூச்சோடு நோட்டை மூடினார்.

"இன்ஜினியர் ஆபீஸ் ஆளுங்களா? அவரு எஸ்டேட்டுக்கு நடந்து போறவங்களே எரநூறு தாண்டிருச்சுன்னு எழுதிட்டு ஏழரை மணிக்கே போயிட்டாருங்க; நான் ஃபாரஸ்ட்டுல இருந்து காட்டெருமை எண்ண வந்தவன்."