இரண்டு பொட்டு வைத்த உளி

எனக்கு உற்சாகம் வந்தால் மூளை ஓரமாகப் போய் உட்கார்ந்துவிடும். இதை என் மனைவி கலைவாணி கல்யாணமான மூன்றாவது மாதமே கண்டுபிடித்தாள். அதுவும் இருபது பேர் முன்னால்.

2009-இல் நான் கடலூரில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். மாமனாருக்குச் சிதம்பரத்தில் இரும்புப் பட்டறை. அந்த நெருப்பைப் பார்த்த நாளிலிருந்து எனக்குக் கை பரபரத்தது. மச்சான் முருகன்தான், "பேப்பர் இன்ஜினீயருக்குப் பட்டறையில இன்னா வேல?" என்று சிரித்தான். கலைவாணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆயுத பூஜைக்கு அவரே ஒரு சாமான் செஞ்சி எடுத்தாருவாரு. அது ஒடையாம நின்னுச்சின்னா ஞாயித்துக்கெழமயில அவரப் பட்டறையில சேத்துக்கணும்!"

(என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் குதித்திருப்பேன்.)

நான் தேர்ந்தெடுத்தது, பட்டறைக்கல்லின் சதுர ஓட்டையில் தலைகீழாகச் செருகும் உளி. காய்ச்சிய கம்பியை அதன் கூர்மேல் வைத்து அடித்தால் துண்டாகும். தடித்த லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்று வாங்கினேன். கொல்லையில் செங்கல் அடுப்பு கட்டி, டேபிள் ஃபேனைக் காற்றுக்கு வைத்து, தண்டவாளத் துண்டின்மேல் இரண்டு வாரம் தட்டினேன், அராவினேன். கடைசியில் செக்கச்செவேலென்று காய்ச்சி வாளித் தண்ணீரில் முக்கினேன். சொய்ங்! பக்கத்து வீட்டு நாய் மூன்று நாள் எங்கள் பக்கமே வரவில்லை. அரம் போட்டால் வழுக்கிக்கொண்டு போனது. அப்படி ஒரு கடினம்!

பிரவுசிங் சென்டரில் அச்செடுத்த செய்முறைத் தாளில் இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. உளியை மினுக்கி, மறுபடி மெதுவாகச் சூடு காட்டி, கூர் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். அப்போதுதான் உடையாதாம். மினுக்கினேன். முகம் பார்க்கலாம் போலிருந்தது. சாமி முன்னால் வைக்கிற பொருளில் வைக்கோல் நிறக் கறையா? மனசு வரவில்லை. விட்டுவிட்டேன்.

பூஜையில் சந்தனமும் குங்குமமுமாக என் உளிதான் மின்னியது. மறுநாள் விஜயதசமி, முதல் வேலை. மாமனார் உளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாப்ள, தண்ணியில முக்குன பொறவு சூடு காட்னீங்களா?"

"எல்லாம் பக்காவா இருக்கு மாமா!"

புது மாப்பிள்ளையை அதற்குமேல் எப்படிக் கேட்பது? தன் கண்ணாடியை எனக்கு மாட்டினார், தோல் ஏப்ரனையும் கட்டிவிட்டார். "எல்லாரும் தகரக் கதவுக்குப் பின்னால போயி நில்லுங்க" என்றார். (சால்வை போர்த்திய மாதிரி நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.)

மூன்றாவது அடியில் கம்பி துண்டாகி விழுந்தது. கதவுக்குப் பின்னால் கலைவாணி கை தட்டினாள். அந்தச் சந்தோஷத்தில் நான்காவது அடியும் போட்டேன், வெறும் உளிமேல்.

டணார்! உளி இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டு தகரக் கதவில் மோதி விழுந்தது. ஒவ்வொரு தலையாக எட்டிப் பார்த்தது. முருகன் வாயைத் திறப்பதற்குள் கலைவாணி, "கம்பி துண்டாச்சா இல்லியா?" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"சூடு காட்டல மாமா. பளபளப்பு போயிடும்னு..."

"அது பாத்தப்பவே தெரியும் மாப்ள" என்றார் மாமனார். "ஞாயித்துக்கெழம வாங்க. பளபளப்ப ஊட்லயே உட்டுட்டு வாங்க."

இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்தத் துண்டுகள் சாமி முன்னால் வந்துவிடும். மற்ற ஆயுதங்களுக்கு ஒரு பொட்டு, என் உளிக்கு இரண்டு. அடுத்து கலைவாணி என் நெற்றியிலும் ஒன்று வைத்துவிட்டு, பட்டறை அதிரக் கத்துவாள்:

"எல்லாரும் கதவுக்குப் பின்னால போங்க, இவரு இன்னிக்கி சந்தோஷமா இருக்காரு!"